ஙனாவுக்கு ஒரு பிராணி

படம் வரையுற பொம்பள கதைன்னு சொன்ன உடனே நீங்க என்ன நெனச்சு உக்காந்திருக்கீங்கன்னு தெரியாதா? வரைஞ்ச கிளி ரெக்கைய அடிச்சுக்கிட்டுப் பறந்து போகும், வரைஞ்ச ஆத்துல தண்ணி வழிஞ்சு வீட்டுக்குள்ள வரும், கடைசியில அந்தப் பொம்பளையே படத்துக்குள்ள போயி மறைஞ்சிருவா, நாம கண்ணத் தொடச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போகலாம்னுதான? அந்தா, கடைசி வரிசையில ஒருத்தர் தலைய ஆட்டுறாரு. உக்காருங்கய்யா. இதுல கிளி கெடையாது. ஆறு கெடையாது. செண்பகவடிவு எங்கயும் மறையல. இன்னைக்கும் பேராச்சிபுரத்துலதான் இருக்கா, சாயங்காலம் நாலு மணிக்குப் போனீங்கன்னா டீ போட்டுக் குடுப்பா, சர்க்கரைய மட்டும் எண்ணி எண்ணிப் போடுவா. இது ஒரு எழுத்தோட கதை. இருநூத்து நாப்பத்தேழு எழுத்துல ஒரு வேலையும் இல்லாம, சம்பந்தி வீட்டுக்கு வந்த ஒண்ணுவிட்ட மாமா மாதிரி ஓரமா உக்காந்திருந்த எழுத்து.

பேராச்சிபுரத்துல மூணு அச்சாபீசு. ஒண்ணுல கல்யாணப் பத்திரிக்கை, ஒண்ணுல தேதிக் காலண்டரு, மூணாவது தவசிலிங்கம் அண்ணாச்சியோடது, அதுல பிள்ளைங்க புஸ்தகம். பால்வாடியில உக்காந்து எச்சிலத் தொட்டுப் பக்கத்தத் திருப்புற வயசுப் பிள்ளைங்களுக்கு, அ-னாவுக்கு அம்மா, ஆ-வன்னாவுக்கு ஆடு, பக்கத்துக்கு ஒரு எழுத்து, எழுத்துக்கு ஒரு படம். அந்தப் படத்தையெல்லாம் இருபத்திரெண்டு வருஷமா மாடியில தகரக் கூரைக்குக் கீழ உக்காந்து வரைஞ்சவ வடிவு. வருஷா வருஷம் சித்திரை பொறந்தா அண்ணாச்சி மாடிப்படியில பாதி ஏறி நிப்பாரு. மீதி ஏறுனா மூச்சு வாங்கும். அங்கன நின்னுக்கிட்டே, "க்ஹும். வடிவு. போன வருஷம் மாதிரியே வரைம்மா. ஆனா வேற மாதிரி இருக்கணும்"பாரு. எறங்கிப் போயிருவாரு. அவ போன வருஷத்து ஆட்ட எடுத்து, இந்தப் பக்கம் பாத்த மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பி, கழுத்துல ஒரு மணியக் கட்டி விடுவா. அண்ணாச்சிக்கு அது வேற ஆடு. ஆட்டுக்கும் அப்படித்தான் இருந்திருக்கணும், ஒண்ணும் புகார் சொல்லல.

ஆனா வடிவு வேலையில ஒரு சுத்தம் உண்டு. படத்த முடிச்சதும் கீழ இருக்குற வார்த்தைய உள்ளங்கையால மறைச்சுட்டு, தான் எழுத்தே தெரியாத பிள்ளையா மாறி ஒரு நிமிஷம் பாப்பா. படம் தானா வாயத் தொறந்து தன் பேரச் சொல்லணும். சொல்லலைன்னா கிழிச்சுப் போட்டுட்டு மறுபடி வரைவா. ஆடு சொல்லிரும். இலை சொல்லிரும். சொல்லாத எழுத்துங்க சிலது இருந்துச்சு. ஞ-னாவுக்கு ஞாயிறுன்னு போடச் சொல்வாங்க, அவ வட்டமா மஞ்சளா வரைவா, பிள்ள பாத்துட்டு "சூரியன்"கும். ஐ-யன்னாவுக்கு ஐவர், அஞ்சு பேர வரிசையா நிப்பாட்டி வரைவா, பிள்ள "கல்யாணம்"கும். ஔ-வன்னாவுக்கு ஔடதம், மருந்து பாட்டில வரைவா, பிள்ள மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டு "டானிக்கு"ங்கும். இதெல்லாம்கூட வாயில எதாச்சும் ஒண்ணு வருது. ஙனாவுக்கு அதுவும் இல்ல. தமிழ்ல அத முன்னாடி வச்சு ஒரு வார்த்தையும் இல்லன்னு பெரியவங்க சொல்லிட்டாங்க, அதனால சங்கு வரைவாங்க. ச-னாவுக்கும் கு-வுக்கும் நடுவுல, பஸ்சுல மூணு பேரு சீட்டுல நாலாவதா ஒடுங்கி உக்காந்திருக்குற ஆளு மாதிரி, புள்ளி வச்ச ஒரு ங்.

இருபத்திரெண்டு வருஷம் சங்கு வரைஞ்சா. இருபத்து மூணாவது வருஷம், பூக்கட்டுற ஒச்சம்மா மக, அஞ்சு வயசு, மாடிக்கு ஏறி வந்து பழைய புஸ்தகத்தப் பொரட்டிக்கிட்டு இருந்தவ, சங்குப் பக்கத்துல நிறுத்தி, "அத்தை, இது ச-னாவோட சங்குதான? அப்ப ஙனாவுக்குன்னு யாருமே இல்லையா?"ன்னு கேட்டா.

கேட்டுட்டு அது பாட்டுக்குப் போயிருச்சு. வடிவுக்குத்தான் கையில எடுத்த பிரஷ்ஷு காயுற வரைக்கும் அப்படியே உக்காந்திருக்க வேண்டியதாப் போச்சு. அப்புறம் ஒரு புதுத் தாள எடுத்தா. எந்தப் பழைய புஸ்தகத்தையும் தொறக்கல. ஙனா எப்படி இருக்கு? முதுக நிமித்தி, முழங்கால மடக்கி, வாலச் சுருட்டி உக்காந்திருக்கு. அப்படியே ஒரு பிராணிய வரைஞ்சா. கன்னுக்குட்டி ஒசரம். பூசணிப்பூ மஞ்சள்ல ஒடம்பு, அதுல கத்திரிக்கா ஊதாவுல புள்ளி. கைவிசிறி மாதிரி அகலமா காது. தாலுகா ஆபீசுல காலையிலேர்ந்து உக்காந்திருக்குறவங்களுக்கு வருமே, கோவமும் இல்லாத நம்பிக்கையும் போகாத ஒரு முழி, அந்த முழியில ஒரு கண்ணு. பக்கவாட்டுப் படம், அதனால ஒரு கண்ணுதான். முடிச்சுட்டுப் பழக்கத்துல உள்ளங்கையக் கீழ கொண்டுபோனா. மறைக்கிறதுக்கு அங்க வார்த்தை இல்ல. அவ ஆயுசுல அவளே உண்டாக்குன மொத உருப்படி அதுதான், அதுக்குப் பேரு இல்ல.

பிளேட்டு போட்டு, மெஷின் ஓட்டுற பக்கீர் பாயி மொத சீட்ட எடுத்து வெளிச்சத்துல பாத்தது மறுநாள் காலையில பத்தரை மணிக்கு. அதே பத்தரை மணிக்கு அந்தப் பிராணி ஈ.பி. ஆபீசு முக்குல நின்னுக்கிட்டிருந்துச்சு.

மொதல்ல பாத்தவன் தண்ணிக் கேன் போடுறவன். ரோட்டுல எது நின்னாலும் எப்படிச் சுத்திப் போவானோ அப்படிச் சுத்திப் போயி, மூணு கேன எறக்கி வச்சுட்டுத் திரும்பி வரும்போதுதான், "யாரு வீட்டுது?"ன்னு கேட்டான். ரேஷன் கடை வரிசை அன்னைக்கு முக்கு வரைக்கும் நீண்டு கெடந்துச்சு. கடைசியா நின்ன அம்மா அதப் பாத்து, "நீ எனக்குப் பின்னாடியா? இங்கனயே நில்லு, நான் வீட்டுல அடுப்ப அமத்திட்டு வந்துர்றேன்"னு பைய அது கழுத்துல மாட்டிட்டுப் போனா. வந்து பாத்தப்ப அது அவ எடத்துல அப்படியே நின்னுச்சு, வரிசை நகந்த அளவுக்கு நகந்தும் இருந்துச்சு. அன்னைலேர்ந்து ஊருல அதுக்கு நல்ல பேரு. பேருன்னா பேரு இல்ல. மரியாதை.

மாட்டு டாக்டரு வந்தாரு. மஞ்சப் பக்கம் கொழாய வச்சுக் கேட்டாரு, நெஞ்சு நல்லா அடிக்குது. அந்தப் பக்கம் போனாரு. அந்தப் பக்கம் வெள்ளை. வடிவு ஒரு பக்கம்தான வரைஞ்சா? மறுபக்கம் அச்சடிக்காத தாள் மாதிரி, கண்ணு இல்ல, புள்ளி இல்ல, சும்மா வெளேர்னு இருந்துச்சு. அங்க கொழாய வச்சாரு, தாள் சரசரக்குற சத்தம். டாக்டரு ரெஜிஸ்டரத் தொறந்து, மாடு, ஆடு, கோழி, எல்லாத்தையும் தாண்டி 'இதர'ங்குற கட்டத்துல ஒரு டிக்கு போட்டு, பூச்சி மாத்திரை ஒண்ணு குடுத்துட்டுப் போனாரு. எதுக்கும் பூச்சி மாத்திரை குடுக்குறவரு அவரு. அது மாத்திரையத் திங்கல, மாத்திரை சுத்தி வந்த தாளத் தின்னுச்சு. அப்பத்தான் தெரிஞ்சுச்சு அது சாப்பாடு என்னன்னு. மூணு அச்சாபீசுலேர்ந்தும் வெட்டுத்தாளக் கொண்டாந்து கொட்டுனாங்க. கல்யாணப் பத்திரிக்கைன்னா ரெண்டு வாய் கூடத் திங்கும். காலண்டருல சாமி படம் இருந்தா அத மட்டும் நாக்கால ஒதுக்கி ஓரமா வச்சிரும்.

மூணாவது நாள் அந்த வெள்ளைப் பக்கத்துல கட்சிக்காரங்க கண்ணு விழுந்துச்சு. ஊருல வெள்ளையா ஒரு எடம் இருந்தா விடுவாங்களா? ஒரு கட்சி வந்து சுண்ணாம்புல 'ரிசர்வ்'னு எழுதிட்டுப் போச்சு, வெள்ளையில வெள்ளை தெரியல. அடுத்த கட்சி நீலத்தத் தூக்கிக்கிட்டு வந்துச்சு. வடிவு, இருபத்திரெண்டு வருஷமா அண்ணாச்சிகிட்டகூட "சரிங்கண்ணாச்சி"ய விட நீளமா ஒரு பேச்சுப் பேசாதவ, மாடியிலேர்ந்து ஓடி வந்து நடுவுல நின்னுக்கிட்டு, "அது சுவரு இல்ல!"ன்னு ஒரு சத்தம் போட்டா. ஈ.பி. ஆபீசுல மீட்டரு நின்னு ஓடுச்சு.

அதுக்கு ஒரு வழி பண்ணவரு சாலமோன் சாரு. ஆரம்பப் பள்ளிக்கூடத்து எட்மாஸ்டர், முப்பத்து மூணு வருஷ சர்வீசு, இஸ்திரி போட்ட சட்டை, இஸ்திரி போட்ட தமிழு. அவரு பேசுனா ரேடியோவுல சேதி வாசிக்கிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியா எறங்கி வரும். "வெற்றிடமாக இருப்பதால்தானே எழுதுகிறார்கள்? நாம் எழுதிவிடுவோம்"னாரு. ஒண்ணாங் கிளாஸுப் பிள்ளைங்கள வரிசையாக் கூட்டியாந்து அந்த வெள்ளைப் பக்கத்துல சாக்பீசால அ-னா ஆ-வன்னா எழுத விட்டாரு. பிராணிக்குக் கூச்சம் போல, காத மட்டும் ஆட்டிக்கிட்டு நின்னுச்சு. எழுத்து ஏறுன எடத்துல எந்தக் கட்சியும் கை வைக்கல. அன்னைக்கே சாரு இன்னொண்ணும் சொன்னாரு: "எழுத்து இருக்கும் இடம். இதன் அருகில் எவரும் தகாத சொல் பேசலாகாது."

ஊரு கேட்டுக்கிச்சு. எப்பேர்ப்பட்ட ஊரு! கடைசி பஸ் கண்டக்டரு, உள்ள போகாத ஆளப் பாத்து வாயத் தொறப்பாரு, முக்குல மஞ்சளா ஒண்ணு நிக்கிறது தெரியும், தொண்டையில வந்தத முழுங்குவாரு, கண்ணு ரெண்டும் பிதுங்கும், "உள்ள... உள்ள போங்க அன்பரே"ம்பாரு. மீன் கடையில "அடியே" வரைக்கும் வந்து நின்னுரும். சீட்டாடுற எடத்துல தோத்தவன் "ரொம்ப மகிழ்ச்சி"ன்னுட்டு எந்திரிச்சுப் போவான். ஒரு மாசத்துல பேராச்சிபுரம் கழுவி விட்ட வாய் மாதிரி ஆயிப்போச்சு. பக்கத்து ஊருலேர்ந்து பொண்ணு கேட்டு வந்தாங்க.

ஒரே ஒரு சங்கடம். கூப்புட முடியல. மஞ்சளுன்னு கூப்புட்டாங்க, லட்சுமின்னாங்க, ராசான்னாங்க, செல்லம்னாங்க, பிஸ்கட்டக் காட்டி ச்சூச்சூன்னாங்க, திரும்பல. எதுத்த வீட்டுச் சத்தம் மாதிரி கேட்டுக்கிட்டு நின்னுச்சு. அது நடு ரோட்டுல நின்னா நின்னதுதான். பஸ்சுல இருக்குறவங்க எறங்கி நடந்து போயி வேலையப் பாத்தாங்க. நடந்தா ஒடம்புக்கு நல்லதுன்னு டிரைவரே சொன்னாரு.

இப்ப வில்லன் வருவான்னு பாக்குறீங்க. வந்தாரு. நம்ம அண்ணாச்சிதான். பாவம், கெட்டவரு இல்ல, பயந்தவரு. புஸ்தகம் மாவட்டப் புத்தகக் குழுவுக்குப் போகணும், குழு சரின்னாத்தான் பால்வாடிங்களுக்குப் போகும். படத்துக்குக் கீழ வார்த்தை இல்லாம ஒரு பக்கம் போனா மொத்தப் புஸ்தகமும் திரும்பி வந்துருமேன்னு, ஒரு நாள் மதியம், வடிவு சாப்புடப் போன நேரமாப் பாத்து, புரூஃபுல அந்தப் பக்கத்து மேல பழைய சங்கு ஒண்ண வெட்டி ஒட்டுனாரு.

ஒட்டுன அந்த நிமிஷம் முக்குல நின்ன பிராணி வெளுத்துச்சு. மஞ்சளு மோராச்சு, ஊதா கரைஞ்சுச்சு. காலு ரெண்டு தெரியல. வயித்து வழியா அந்தப் பக்கம் இருக்குற டிரான்ஸ்பார்மரு தெரிஞ்சுச்சு, அதுல ஒட்டியிருந்த அபாயம் போர்டு தெரிஞ்சுச்சு. ஒச்சம்மா மக போட்ட கூச்சல்ல வடிவு சோத்துக் கையோட ஓடியாந்தா, பாத்தா, ஒரு வார்த்தை கேக்கல, மாடிக்கு ஏறுனா, புரூஃப எடுத்து அந்தச் சங்க நகத்தால உரிச்சா. உரிக்க உரிக்கக் கீழ "வருது, வருது, காலு வந்துருச்சு"ன்னு ஊரு சத்தம் போட்டுச்சு.

அண்ணாச்சி பாதிப் படியில நின்னாரு. "க்ஹும். வடிவு. நான் வேணும்னா பண்ணேன்? வார்த்தை இல்லாமப் பக்கம் நிக்காதும்மா."

"வார்த்தை நான் கொண்டாரேன் அண்ணாச்சி."

"எங்கேர்ந்து கொண்டாருவ? இல்லாத வார்த்தைய?"

"பிராணி இல்லாமத்தான் இருந்துச்சு," அப்படின்னா வடிவு. "இப்ப அங்கன நிக்குதுல்ல?"

ஆக, எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. பக்கம் இருந்தா அது இருக்கும், பக்கம் போனா அது போயிரும். குழுவுக்கு எழுதிப் போட்டாங்க, பதில் வந்துச்சு. சாலமோன் சாரு ஈ.பி. ஆபீசு படியில ஏறி நின்னு வாசிச்சாரு: "மேற்படி படத்திற்குரிய சொல் ஙகரத்தில் தொடங்குதல் வேண்டும். மக்கள் நாவில் உள்ளபடியே புழங்கும் சொல்லாக இருத்தல் வேண்டும். இதற்கெனப் புதிதாய் ஆக்கிய சொல் ஏற்கப்படாது. பள்ளியில் கேட்டுப் பழகியதாகவும் இருத்தல் நலம். குழு உறுப்பினர் வரும் இருபதாம் தேதி நேரில் வருவார். அன்று சொல் இல்லையேல், சங்கே தொடரும்."

இருபதாம் தேதிக்குப் பதினோரு நாள் இருந்துச்சு. ஊரே தேட ஆரம்பிச்சுச்சு. ஒருத்தரு ஙனான்னே வச்சா என்னன்னாரு. எழுத்தோட பேரு எப்படி வார்த்தையாகும், க-னாவுக்குக் க-னான்னா படம் போடுறோம்னு சாரு தள்ளிட்டாரு. பக்கீர் பாயி ஙப்பூன்னு ஒண்ணு சொன்னாரு, அவரு வீட்டுல பிள்ள தூங்காட்டி அப்படிச் சொல்வாங்களாம், வேற எந்த வீட்டுலயும் சொல்லல. தண்ணிக் கேன்காரன், "ஙேன்னு முழிக்கிறான்னு சொல்றோமே?"ன்னான். சொன்ன உடனே பிராணி ஒரு காத மட்டும் லேசாத் திருப்புச்சு! ஆனா தலை திரும்பல. "அது சொல் அன்று, முழி"ன்னுட்டாரு சாலமோன் சாரு. வடிவுக்கு மட்டும் அந்தக் காது போதுமா இருந்துச்சு. எங்கயோ இருக்கு, கேக்குற தூரத்துலதான் இருக்குன்னு தோணுச்சு. அவ டெய்லி மதியம் சோத்துத் தூக்குச்சட்டிய எடுத்துக்கிட்டு முக்குக்கு வந்து அது பக்கத்துல உக்காந்து, வெத்தலைக்காரர்லேர்ந்து வக்கீல் வரைக்கும் போற வர்றவங்க வாயையே பாத்துக்கிட்டு இருந்தா, எந்த வாயிலேர்ந்தாவது ஙனா ஒண்ணு முன்னாடி வந்து விழாதான்னு. எங்க விழும்? எல்லாரும் அங்கன வந்ததும் வாயத் தொடச்சுக்கிட்டு, இஸ்திரி போட்ட தமிழ்ல "வணக்கம், நலமா?"ன்னு கேட்டுட்டுப் போனாங்க.

இருபதாம் தேதி வந்துச்சு. குழுவுலேர்ந்து தமயந்தி மேடம் வந்தாங்க. கொடை, கண்ணாடி, கைப்பை. ஒசரம் கம்மி, ஆனா அவங்க எறங்கி நின்னதும் ரோட்டுல இருந்தவங்க எல்லாரும் கொஞ்சம் குனிஞ்சாங்க. பிராணி அன்னைக்குன்னு பாத்து நடு ரோட்டுல குறுக்க நின்னுச்சு. மேடம் மஞ்சப் பக்கம் பாத்தாங்க, சுத்தி வந்து வெள்ளைப் பக்கத்துல பிள்ளைங்க எழுத்தப் பாத்தாங்க, ஒரு ழ-னா தலைகீழா இருந்தத விரல்ல அழிச்சுத் திருத்துனாங்க. அப்புறம் புரூஃப வாங்கி, படத்துக்குக் கீழ இருந்த காலி எடத்த உள்ளங்கையால மறைச்சுட்டுக் கொஞ்ச நேரம் பாத்தாங்க. தன்னத் தவிர இன்னொருத்தர் அப்படிப் பாத்து வடிவு பாத்ததே இல்ல.

"படம் பேசுதும்மா," அப்படின்னாங்க மேடம். "நெசமாத்தான் சொல்றேன். இது நீங்களா வரைஞ்சது?"

"ஆமா மேடம்."

"இதுக்குப் பேரு?"

சாலமோன் சாரு முன்னாடி வந்து, ராத்திரி பகலா யோசிச்ச நாலு வார்த்தைய வரிசையா எடுத்து விட்டாரு. "ஙாலம். ஙிமிர். ஙெகிழி. ஙோன்மை." ஒவ்வொண்ணுக்கும் ஊரே பிராணியப் பாத்துச்சு. அது ரோட்டப் பாத்துச்சு.

"இதெல்லாம் நீங்க பண்ணது சார்," அப்படின்னாங்க மேடம். கோவமா இல்ல, டாக்டரு ஸ்கேனப் பாத்துட்டுச் சொல்ற மாதிரி. "ஜனங்க பேசுறதுல ஒண்ணு வேணும். எனக்கும் இது போறதுல இஷ்டமில்ல. ஆனா கடுதாசி கடுதாசிதான்." பைக்குள்ளேர்ந்து பேனாவ எடுத்தாங்க. இன்னொரு கையில, ஏற்கெனவே அச்சடிச்சு வச்ச சங்கு.

பேனா மூடியத் தொறந்தாங்க. பிராணியோட கால் நுனி மோர் நெறத்துக்கு வந்துருச்சு. ஒச்சம்மா மக வடிவு சேலையப் புடிச்சுக்கிட்டா. வடிவு பிராணிக்கிட்டப் போயி அது கழுத்த ரெண்டு கையாலயும் கட்டிக்கிட்டு, மேடத்தப் பாத்து, "இன்னும் கொஞ்ச நேரம்..."னு சொல்ல வாயத் தொறந்தா.

தொறந்த வாய அடைக்கிற மாதிரி ஒரு ஏர் ஹாரன். லாரி. ஒடிசாவுக்கு லோடு ஏத்திக்கிட்டுப் போயி ரெண்டு மாசம் கழிச்சு அன்னைக்குத்தான் ஊருக்குள்ள வர்ற செவத்தையா. அவனுக்குப் பிராணி தெரியாது, அது மேல எழுதுன எழுத்து தெரியாது, தகாத சொல் சட்டம் தெரியாது. தெரிஞ்சதெல்லாம் பசி. ரெண்டாவது ஹாரன் அடிச்சான். மூணாவது அடிச்சான். ஜன்னல்ல பாதி ஒடம்ப வெளிய விட்டு, தொண்டை நரம்பு பொடைக்க, ரெண்டு மாசமா ஒடிசாவுல பேச ஆளில்லாம அடக்கி வச்ச மொத்தத் தமிழையும் ஒரே வாயில விட்டான்:

"ஏய்! ஙொப்பன் வீட்டு ரோடா இது? தள்ளு!"

பிராணி திரும்புச்சு.

காது மட்டும் இல்ல. தலை திரும்புச்சு, கழுத்து திரும்புச்சு, ஒடம்பு திரும்புச்சு. 'இந்தா வந்துட்டேன்'னு சொல்ற மாதிரி வால விரிச்சு ரெண்டு ஆட்டு ஆட்டிச்சு. வடிவு அதோட கழுத்தப் புடிச்சபடியே கூடச் சுத்துனா, சுத்தும்போது பாத்தா, வெள்ளைப் பக்கத்துல, பிள்ளைங்க எழுதுன க-னாவுக்கும் ச-னாவுக்கும் நடுவுல, இத்தன நாளா இல்லாத ஒரு கண்ணு தொறந்து அவளப் பாத்துச்சு. மஞ்சளு முதுகத் தாண்டி அந்தப் பக்கம் எறங்க ஆரம்பிச்சுச்சு, காயாத பெயிண்டு வழியுற மாதிரி மெதுவா, எழுத்து எதையும் அழிக்காம.

எல்லாருக்கும் கேட்டுச்சு, யாருக்கும் கேக்கல.

"அந்த டிரைவர் என்ன சொன்னாரு?" அப்படின்னாங்க மேடம்.

"ஒண்ணும் சொல்லலீங்க," அண்ணாச்சி.

"ஹாரனுங்க," பக்கீர் பாயி.

"தகாத சொல் அம்மா, மன்னிக்கணும்," சாலமோன் சாரு, காது ரெண்டும் செவந்து போயி. "வெளியூர் சகவாசம். எங்கள் ஊரில் எவரும் அப்படிப் பேசும் வழக்கமே இல்லை."

"அர்த்தம் என்ன?"

வடிவுதான் சொன்னா. "உங்கப்பன்னு அர்த்தம் மேடம். அவசரத்துல சொல்றப்ப மொதல்ல இருக்குற உ-னா கீழ விழுந்துருது. அப்ப முன்னாடி வந்து நிக்கிறது ஙனாதான்." சொல்லிட்டு மெல்லமா, பிராணி காதுகிட்ட, தன் ஆயுசுல மொத தடவையா, "ஙொப்பன்?"ன்னா. அது அவ தோள்ல தலைய வச்சுச்சு.

மேடம் சங்கப் பைக்குள்ள போட்டாங்க. பேனாவப் போடல. "ஜனங்க பேசுறதுதானா? பள்ளிக்கூடத்துல கேட்டுப் பழகுனதா இருக்கணும்னு வேற போட்டிருக்கு. எழுதுறதுக்கு முன்னாடி யாராவது சாட்சி சொல்லணுமே?"

ஊரு மொத்தமும் ஈ.பி. கம்பத்தப் பாத்துச்சு. சாலமோன் சாரு அவசரமா முன்னாடி வந்து, "பள்ளியிலா? அம்மா, என் முப்பத்து மூன்று ஆண்டு அனுபவத்தில்..."னு ஆரம்பிச்சாரு.

அதுக்குள்ள செவத்தையா லாரியிலேர்ந்து குதிச்சு எறங்கி, கைலிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, என்ன ஏதுன்னு புரியாம வந்தவன், வாத்தியாரப் பாத்த சந்தோசத்துல ஒரு கும்புடு போட்டுட்டு, மேடத்துகிட்டத் திரும்பிச் சொன்னான்:

"பள்ளிக்கூடத்துலயாவா? நல்லாக் கேட்டீங்க மேடம்! நான் அந்த வார்த்தையக் கத்துக்கிட்டதே இந்தச் சாருகிட்டதான். ரெண்டாங் கிளாஸுல அதச் சொல்லாம இவரு எனக்கு ஒரு எழுத்துகூடச் சொல்லிக் குடுத்ததில்ல!"